டேட்டா ஒருங்கிணைப்பு மென்பொருளில் ப்ராஜெக்ட், துணை ப்ராஜெக்ட் அமைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பைப்லைன்கள் (டேட்டாவை ஓரிடத்திலிருந்து எடுத்து, மாற்றி, இன்னோரிடத்தில் எழுதும் படிவரிசைகள்) பத்துப் பதினைந்து இருக்கும்வரை எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் குவித்து வைத்தாலும் வண்டி ஓடிவிடும். எண்ணிக்கை நூறைத் தொடும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கும். விற்பனைக் குழுவில் ஒருவர் டேட்டாபேஸ் கனெக்‌ஷனின் பெயரை மாற்றுவார், கணக்குக் குழுவின் இரவு ஓட்டம் நின்றுபோகும். டெஸ்ட் சர்வருக்காக எழுதிய பைப்லைன் நேரே, நிஜ வேலை ஓடுகிற புரொடக்‌ஷன் டேபிளைத் துடைத்துவிட்டுப் போகும். எதை யார் தொடலாம் என்பது யாருக்கும் தெரியாது.

இதற்காகத்தான் ப்ராஜெக்ட், துணை ப்ராஜெக்ட் என்ற பிரிவுகள். ஆனால் பெட்டி மேல் பெட்டியாக அடுக்குவதால் மட்டும் பிரச்சினை தீராது. மென்பொருள் எதுவாக இருந்தாலும், தாய் ப்ராஜெக்ட்டில் இருப்பவற்றில் எது துணை ப்ராஜெக்ட்டுக்கு இறங்குகிறது, எது இறங்குவதில்லை என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இங்கே நாம் கையில் எடுப்பது அப்பாச்சி ஹாப். இலவசம், ஓப்பன் சோர்ஸ். கெட்டில் என்ற பழைய மென்பொருளிலிருந்து 2019-ல் கிளை பிரிந்தது. கெட்டிலை உருவாக்கிய மேட் காஸ்டர்ஸ்தான் இதன் பின்னாலும் நிற்பவர்களில் ஒருவர். பென்டாஹோ டேட்டா இன்டக்ரேஷன் என்ற பெயரில் கெட்டிலோடு மல்லுக்கட்டியவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும்: கெட்டில் டாட் ப்ராப்பர்ட்டீஸ் என்ற ஒற்றைக் கோப்பு பயனரின் ஹோம் ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும், எத்தனை வேலைகள் இருந்தாலும் வேரியபிள்கள் (பெயர் வைத்துச் சேமித்த மதிப்புகள்) எல்லாம் அதற்குள்தான். வேறு வேலைக்குத் தாவ வேண்டுமென்றால் கெட்டில்_ஹோம் வேரியபிளை மாற்றிவிட்டு மென்பொருளை மறுபடி திறக்க வேண்டும். ஹாப்பில் ப்ராஜெக்ட்டும் என்விரான்மென்ட்டும் (வேலை எந்த இடத்தில் ஓடுகிறது என்பதற்கான அமைப்பு) உள்ளேயே வந்துவிட்டதால் அந்தத் தொல்லை இல்லை. நைஃபை, டேலண்ட் என்ற வேறு இரண்டு டேட்டா ஒருங்கிணைப்பு மென்பொருள்களைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் கடைசிப் பகுதிகளில் விஷயம் இருக்கிறது.

ஒரு சின்னக் குறிப்பு. கோப்புப் பெயர்கள், வேரியபிள் பெயர்களை எல்லாம் இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். மென்பொருளில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். ப்ராஜெக்ட் பெயர்களில் சின்ன எழுத்து, எண், அடிக்கோடு தவிர வேறெதுவும் வேண்டாம். இடைவெளி விட்டுப் பெயர் வைத்தால் கமாண்ட் லைனில் மேற்கோள் குறி போட்டுப் போட்டே வெறுத்துவிடும்.

படி 1: மென்பொருளைத் திறக்காமல் ஒரு தாளை எடுங்கள்

எதன் அடிப்படையில் பிரிப்பது? பலரும் டேட்டா வரும் இடத்தை வைத்துப் பிரிக்கிறார்கள்: ஆரக்கிளிலிருந்து வருவதெல்லாம் ஒரு ப்ராஜெக்ட், எக்செல் கோப்புகள் எல்லாம் இன்னொன்று. பார்க்க அழகாக இருக்கும், வேலைக்கு ஆகாது. ஒரு விற்பனை அறிக்கைக்கு ஆரக்கிளும் வேண்டும், எக்செல்லும் வேண்டும். அப்போது ஒரே மாற்றத்துக்கு இரண்டு ப்ராஜெக்ட்டுகளைத் தொட வேண்டிவரும்.

சேர்ந்து மாறுகிறவற்றைச் சேர்த்து வையுங்கள், தனியாக வெளியாகிறவற்றைத் தனியாக வையுங்கள் என்பதுதான் என் கணக்கு. தாளில் மூன்று பத்தி போடுங்கள். முதலாவதில் பைப்லைனின் பெயர், இரண்டாவதில் அதைத் திருத்துகிற குழு, மூன்றாவதில் அது எவற்றோடு சேர்ந்து புரொடக்‌ஷனுக்குப் போகிறது. இரண்டாவது, மூன்றாவது பத்திகள் ஒரே மாதிரி வருகிறவை ஒரு துணை ப்ராஜெக்ட்.

உதாரணத்துக்கு ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். விற்பனை, சரக்கிருப்பு, கணக்கு என்று மூன்று குழுக்கள். மூன்றும் ஒரே டேட்டா வேர்ஹவுஸில், அதாவது எல்லா டேட்டாவும் சேரும் மையக் களஞ்சியத்தில், எழுதுகின்றன. விற்பனையும் சரக்கிருப்பும் எப்போது வேண்டுமானாலும் மாறும். கணக்குக் குழு மாத முடிவில் யாரையும் எதையும் தொட விடாது. இப்படியானால் மேலே காமன் என்று ஒரு தாய் ப்ராஜெக்ட், கீழே சேல்ஸ், ஸ்டாக், ஃபைனான்ஸ் என்று மூன்று துணை ப்ராஜெக்ட்டுகள். சேல்ஸுக்குக் கீழே ஆன்லைன் சேல்ஸ், அதற்குக் கீழே ரிட்டர்ன்ஸ் என்று இறங்கிக்கொண்டே போகலாமா? ஹாப் அனுமதிக்கும். ஆனால் இரண்டு தட்டுக்கு மேல் போனால் ஒரு வேரியபிளின் மதிப்பு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கவே அரை நாள் ஓடிவிடும். இரண்டு தட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 2: கான்ஃபிக் ஃபோல்டரை வெளியே எடுத்து வையுங்கள்

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், அப்புறம் மென்பொருளை அப்டேட் செய்யும்போது திண்டாடுகிறவர்களும் அவர்கள்தான். ஹாப் தன் ப்ராஜெக்ட் பட்டியல், என்விரான்மென்ட் பட்டியல் இரண்டையும் ஹாப்-கான்ஃபிக் ஜேசன் என்ற கோப்பில் எழுதி வைக்கிறது. அந்தக் கோப்பு இயல்பாக ஹாப் நிறுவிய ஃபோல்டருக்குள்ளேயே, கான்ஃபிக் என்ற உள் ஃபோல்டரில் இருக்கும். புதிய பதிப்பை இறக்கி வேறு ஃபோல்டரில் விரித்தால் பட்டியல் காலியாக இருக்கும்.

ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஹாப்_கான்ஃபிக்_ஃபோல்டர் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை வைத்து, அதை நிறுவல் ஃபோல்டருக்கு வெளியே ஓர் இடத்துக்குக் காட்டுங்கள். கூடவே ஹாப்_ஆடிட்_ஃபோல்டர். கடைசியாக எந்தக் கோப்பைத் திறந்தீர்கள், எந்த ப்ராஜெக்ட்டில் இருந்தீர்கள் போன்றவை அதில் சேரும். இரண்டும் இல்லாவிட்டாலும் மென்பொருள் ஓடும், ஆனால் ஒவ்வொரு அப்டேட்டின்போதும் எல்லா ப்ராஜெக்ட்டையும் கையால் மறுபடி சேர்க்க வேண்டும்.

டேட்டாபேஸோடு பேச ஹாப்புக்கு வேண்டிய டிரைவர்களும் ப்ராஜெக்ட்டுக்குள் அடங்காது, அவை நிறுவலோடு சேர்ந்தவை. மைஎஸ்க்யூஎல் போன்ற சிலவற்றின் டிரைவர் லைசென்ஸ் காரணமாக ஹாப்போடு வராது, நாமே இறக்கிப் போட வேண்டும். ஒரு கணினியில் ஓடுகிற ப்ராஜெக்ட் இன்னொன்றில் ஓடவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

படி 3: தாய் ப்ராஜெக்ட்டை உருவாக்குங்கள்

ஹாப் திரையின் மேல் கருவிப்பட்டையில் ப்ராஜெக்ட் பெயர் தெரியும். பக்கத்தில் புதிதாகச் சேர்ப்பதற்கான ஐகான். அதை அழுத்தினால் ஒரு படிவம் திறக்கும்.

பெயருக்கு காமன் என்று கொடுங்கள். ஹோம் ஃபோல்டருக்கு, எல்லா ப்ராஜெக்ட்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும்படி ஒரு பொது ஃபோல்டருக்குள் காமன் என்ற ஃபோல்டர். கான்ஃபிகரேஷன் கோப்பு ப்ராஜெக்ட்-கான்ஃபிக் ஜேசன் என்று தானாக நிரம்பியிருக்கும், அப்படியே விடுங்கள். மெட்டாடேட்டா (டேட்டாபேஸ் இணைப்பு போன்ற, பைப்லைன்கள் பயன்படுத்தும் அமைப்புகள்) ஃபோல்டர், யூனிட் டெஸ்ட், டேட்டா செட் ஆகியவற்றுக்கான பாதைகளும் ப்ராஜெக்ட்_ஹோம் வேரியபிளை வைத்தே நிரம்பியிருக்கும். மாற்ற வேண்டாம்.

நின்று பார்க்க வேண்டிய இடம், எந்த ப்ராஜெக்ட்டிடமிருந்து பெறுவது என்ற கட்டம். புதிய ப்ராஜெக்ட்டுக்கு டிஃபால்ட் என்ற பெயர் அங்கே தானாகவே நின்றுகொண்டிருக்கும். அந்த டிஃபால்ட் ப்ராஜெக்ட் ஹாப்போடு கூடவே வருவது, ஒவ்வொருவர் கணினியிலும் தனித்தனியாக இருப்பது. உங்கள் கணினியின் டிஃபால்ட்டில் விளையாட்டாகச் சேர்த்த ஒரு கனெக்‌ஷனை நம்பி பைப்லைன் எழுதிவிட்டால், பக்கத்து மேஜைக்காரரிடம் அது திறக்கும், ஓடாது. காரணமும் சட்டென்று பிடிபடாது. தாய் ப்ராஜெக்ட்டுக்கு அந்தக் கட்டத்தைக் காலியாக்கிவிடுங்கள்.

சரி, தாய் ப்ராஜெக்ட்டுக்குள் என்ன வைப்பது? எவ்வளவு குறைவாகவோ அவ்வளவு நல்லது. எல்லாரும் எழுதுகிற அந்த டேட்டா வேர்ஹவுஸின் கனெக்‌ஷன். பைப்லைனும் வொர்க்ஃப்ளோவும் (பைப்லைன்களை வரிசையாக ஓட்டுவது) எப்படி ஓட வேண்டும் என்று சொல்கிற ரன் கான்ஃபிகரேஷன்கள், அதாவது லோக்கல் என்ற பெயரில் பைப்லைனுக்கு ஒன்று, வொர்க்ஃப்ளோவுக்கு ஒன்று. லாக் எழுதுவதற்கான அமைப்பு. அவ்வளவுதான். விற்பனைக் குழுவுக்கு மட்டும் வேண்டிய ஒரு கனெக்‌ஷன் தாயில் இருந்தால், மற்ற இரண்டு குழுக்களும் அதைப் பார்ப்பார்கள், ஒரு நாள் பயன்படுத்தவும் ஆரம்பிப்பார்கள். அப்புறம் அதை எடுக்கவே முடியாது.

படி 4: துணை ப்ராஜெக்ட்டுகள்

இப்போது அதே படிவத்தில் சேல்ஸ். ஹோம் ஃபோல்டர் காமனுக்கு உள்ளே அல்ல, பக்கத்தில். தாய் ப்ராஜெக்ட் கட்டத்தில் காமன். ஸ்டாக், ஃபைனான்ஸ் இரண்டுக்கும் இதே வேலைதான்.

சேமித்ததும் சேல்ஸுக்கு மாறி, மெட்டாடேட்டா பகுதியைத் திறந்து பாருங்கள். நீங்கள் சேல்ஸில் எதையும் சேர்க்காமலேயே வேர்ஹவுஸ் கனெக்‌ஷனும் லோக்கல் ரன் கான்ஃபிகரேஷனும் பட்டியலில் தெரிந்தால் இணைப்பு வேலை செய்கிறது. தெரியவில்லை என்றால் தாயின் பெயரை எழுத்துப் பிசகாமல் கொடுத்தீர்களா என்று பாருங்கள்.

கோப்பு அளவில் என்ன நடந்திருக்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சேல்ஸ் ஃபோல்டரில் உள்ள ப்ராஜெக்ட்-கான்ஃபிக் ஜேசனை சாதாரண எடிட்டரில் திறந்தால், தாயின் பெயர் காமன் என்று ஒரு வரி இருக்கும். பெயர் மட்டும்தான், பாதை இல்லை. காமன் என்ற பெயர் எந்த ஃபோல்டரைக் குறிக்கிறது என்பது உங்கள் கணினியின் ஹாப்-கான்ஃபிக் ஜேசனில் இருக்கிறது. ஆகவே குழுவில் உள்ள ஒவ்வொருவரும், புரொடக்‌ஷன் சர்வரும்கூட, தாய் ப்ராஜெக்ட்டை அதே பெயரில் பதிவு செய்தே ஆக வேண்டும். ஒருவர் காமன் என்றும் இன்னொருவர் காமன்_டெவ் என்றும் பதிவு செய்தால் இரண்டாமவரிடம் துணை ப்ராஜெக்ட் அனாதையாகிவிடும்.

படி 5: எது இறங்கும், எது இறங்காது

ஹாப்பில் தாயிடமிருந்து துணை ப்ராஜெக்ட்டுக்கு இறங்குபவை இரண்டு: மெட்டாடேட்டா, வேரியபிள்கள். பைப்லைன் கோப்புகளும் வொர்க்ஃப்ளோ கோப்புகளும் இறங்குவதில்லை. நிறையப் பேர் இடறுகிற இடம் இதுதான்.

காமனில் தேதியைச் சரிசெய்கிற ஒரு பைப்லைன் இருக்கிறது என்று வையுங்கள். அதை ப்ராஜெக்ட்_ஹோம் என்று தொடங்கும் பாதையில் சேல்ஸிலிருந்து கூப்பிட்டால் கோப்பு இல்லை என்று பிழை வரும். சேல்ஸ் செயலில் இருக்கும்போது ப்ராஜெக்ட்_ஹோம் என்பது சேல்ஸின் ஃபோல்டர், காமனுடையது அல்ல. காமன்_ஹோம் என்று தனியாக ஒரு வேரியபிளை வைத்து, பொதுக் கோப்புகளை அதன் வழியாகக் கூப்பிட வேண்டும். கூடவே இன்னொரு தடுப்பும் இருக்கிறது. ப்ராஜெக்ட் படிவத்தில், ஹோம் ஃபோல்டருக்குள் உள்ளவற்றை மட்டுமே ஓட்ட வேண்டும் என்று ஒரு டிக் பெட்டி உண்டு. தவறான ப்ராஜெக்ட்டில் இருந்துகொண்டு தவறான கோப்பை ஓட்டிவிடாமல் காக்கும் வேலி அது. பொதுக் கோப்புகளை நம்பிப் பெரிதாகத் திட்டமிடுமுன், காமனில் ஒரு வரி எழுதுகிற குட்டிப் பைப்லைனை வைத்து சேல்ஸிலிருந்து ஓட்டிப் பாருங்கள். வேலி தடுத்தால் டிக்கை எடுப்பதா, அந்தப் பைப்லைனை மூன்று ப்ராஜெக்ட்டுகளிலும் பிரதி வைப்பதா என்று அப்போது முடிவு செய்யலாம். சின்னப் பைப்லைன் என்றால் நான் பிரதி வைத்துவிடுவேன். மூன்று பிரதிகளைத் திருத்துவது எரிச்சல்தான், ஆனால் ஃபைனான்ஸ் குழு மாத முடிவில் இருக்கும்போது சேல்ஸ் குழு செய்த திருத்தம் அவர்களைத் தாக்காது.

ப்ராஜெக்ட்_ஹோம் இன்னொரு விதத்திலும் காலை வாரும். காமனின் மெட்டாடேட்டாவுக்குள், உதாரணமாக ஓர் எஸ்க்யூலைட் கனெக்‌ஷனின் கோப்புப் பாதையில், ப்ராஜெக்ட்_ஹோம் என்று எழுதியிருந்தால், காமனில் நின்று சோதிக்கும்போது சரியாக ஓடும். சேல்ஸில் நின்று ஓட்டினால் அது சேல்ஸ் ஃபோல்டரில் போய்த் தேடும். தாயின் மெட்டாடேட்டாவில் அந்த வேரியபிளே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் மோதலையும் சொல்லிவிடுகிறேன். தாயில் வேர்ஹவுஸ் என்று ஒரு கனெக்‌ஷன், சேல்ஸிலும் அதே பெயரில் வேறொன்று. எது ஜெயிக்கும் என்று ஆராய்வதைவிட, அப்படி ஒரு நிலையே வராமல் தடுப்பது மேல். தாயில் உள்ள எல்லாப் பெயர்களுக்கும் முன்னால் காமன்_ என்று ஒட்டு வைத்துவிடுங்கள். பட்டியலைப் பார்த்த மாத்திரத்தில் எது பொது, எது சொந்தம் என்று தெரியும். அப்புறம், தாயிடமிருந்து வந்த ஒன்றைத் திருத்த வேண்டுமென்றால் சேல்ஸில் இருந்துகொண்டு திருத்தாதீர்கள். காமனுக்கு மாறி, அங்கே திருத்தி, திரும்பி வாருங்கள்.

சுற்றி வளைத்து ஒரு ப்ராஜெக்ட் தனக்கே தாயாகிவிடுகிற வளையம் ஏற்பட்டால் ஹாப் கண்டுபிடித்துப் பிழை காட்டிவிடும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

படி 6: என்விரான்மென்ட்

ப்ராஜெக்ட் என்பது என்ன வேலை நடக்கிறது என்று சொல்வது. எங்கே நடக்கிறது என்று சொல்வது என்விரான்மென்ட். டெவலப்மென்ட் கணினி, டெஸ்ட் சர்வர், புரொடக்‌ஷன் என மூன்று இடங்களிலும் ஓடுவது ஒரே பைப்லைன்தான். சர்வர் பெயர், போர்ட், டேட்டாபேஸ் பெயர், உள்ளீட்டு ஃபோல்டர் ஆகியவைதான் மாறும். இவற்றில் எதுவும் பைப்லைனுக்குள்ளோ கனெக்‌ஷனுக்குள்ளோ நேரடியாக எழுதப்பட்டிருக்கக் கூடாது.

காமன்_வேர்ஹவுஸ் கனெக்‌ஷனைத் திறந்து, சர்வர் பெயர் கட்டத்தில் டாலர் குறியும் நெளி அடைப்புக்குறியும் போட்டு டிடபிள்யூ_ஹோஸ்ட் என்ற வேரியபிளைக் கொடுங்கள். போர்ட்டுக்கு டிடபிள்யூ_போர்ட், பயனர் பெயருக்கு டிடபிள்யூ_யூசர், இப்படியே. பிறகு ப்ராஜெக்ட் பெயருக்குப் பக்கத்தில் உள்ள என்விரான்மென்ட் ஐகானை அழுத்தி சேல்ஸ்_டெவ் என்று ஒன்றை உருவாக்குங்கள். நோக்கம் என்ற கட்டத்தில் டெவலப்மென்ட், ப்ராஜெக்ட் என்ற கட்டத்தில் சேல்ஸ். கீழே கான்ஃபிகரேஷன் கோப்புகளின் பட்டியல் இருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட கோப்புகளைச் சேர்க்கலாம் என்பதுதான் இதில் அழகு.

இரண்டு கோப்புகள் வையுங்கள். டிடபிள்யூ_டெவ் ஜேசன் என்ற முதல் கோப்பில் வேர்ஹவுஸ் சம்பந்தப்பட்ட வேரியபிள்கள். சேல்ஸ்_டெவ் ஜேசன் என்ற இரண்டாவதில் விற்பனைக்கு மட்டும் வேண்டியவை. ஸ்டாக்_டெவ் என்விரான்மென்ட்டை உருவாக்கும்போது முதல் கோப்பை அப்படியே காட்டி, இரண்டாவதை மட்டும் மாற்றினால் போதும். வேர்ஹவுஸ் சர்வர் இடம் மாறும் நாளில் ஒரே கோப்பைத் திருத்தினால் மூன்று ப்ராஜெக்ட்டுகளும் புதிய இடத்துக்குப் போகும். அந்தக் கோப்பின் உள்ளே பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது: வேரியபிள்கள் என்று ஒரு பட்டியல், ஒவ்வொன்றுக்கும் பெயர், மதிப்பு, விளக்கம் என்று மூன்று வரி. அந்த விளக்க வரியைக் காலியாக விடாதீர்கள். இந்த டைம்அவுட் நொடியா, மில்லிநொடியா என்று புதிதாக வருகிறவர் கேட்பார்.

ஒரே வேரியபிளை ப்ராஜெக்ட் படிவத்திலும் என்விரான்மென்ட் கோப்பிலும் வைக்காதீர்கள். இடத்துக்கு இடம் மாறாதது ப்ராஜெக்ட்டில், மாறுவது என்விரான்மென்ட்டில். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் எது எதை மேலெழுதியது என்று தேடும் வேலையே வராது.

படி 7: பாஸ்வேர்ட்

ஹாப்பில் கனெக்‌ஷனைச் சேமிக்கும்போது பாஸ்வேர்ட் கலைத்துப் போட்ட எழுத்துகளாக மாறிவிடும். முன்னால் என்கிரிப்டட் என்ற வார்த்தையும் இருக்கும். அதை நம்பி ஏமாறாதீர்கள். இயல்பான அமைப்பில் அது வெறும் மறைப்புதான், வழி தெரிந்தவர் நொடியில் பிரித்துவிடுவார். பூட்டிவிட்டு சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டது மாதிரி. உண்மையான பாதுகாப்பு வேண்டுமென்றால் ஹாப்பில் உள்ள ஏஇஎஸ் என்கோடரை இயக்கி, அதன் சாவியை ஆபரேட்டிங் சிஸ்டத்தின் என்விரான்மென்ட் வேரியபிளாகக் கொடுக்க வேண்டும். அதுவரை பாஸ்வேர்ட் உள்ள என்விரான்மென்ட் கோப்பு எந்தப் பொது இடத்துக்கும் போகக் கூடாது.

படி 8: கிட்டில் எதைச் சேர்ப்பது

கிட் என்பது கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள், ரெப்போ அதன் சேமிப்பிடம். ப்ராஜெக்ட் ஒவ்வொன்றும் தனி ரெப்போ. காமன் ஒன்று, சேல்ஸ் ஒன்று, இப்படி. எல்லாவற்றையும் ஒரே ரெப்போவில் வைத்தாலும் தொழில்நுட்ப ரீதியில் ஓடும், ஆனால் ஃபைனான்ஸுக்கு மட்டும் அனுமதியை இறுக்க வேண்டும் என்று ஒரு நாள் கேட்பார்கள்.

பைப்லைன் கோப்புகள், வொர்க்ஃப்ளோ கோப்புகள், மெட்டாடேட்டா ஃபோல்டர் முழுவதும், ப்ராஜெக்ட்-கான்ஃபிக் ஜேசன் எல்லாம் உள்ளே போகட்டும். பைப்லைன் எக்ஸ்எம்எல், மெட்டாடேட்டா ஜேசன், இரண்டும் சாதாரண எழுத்துக் கோப்புகள் என்பதால் யார் எந்த வரியை மாற்றினார்கள் என்பது தெளிவாகத் தெரியும். ஐகானைச் சற்று நகர்த்தினாலும் அது மாற்றமாகக் காட்டும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். என்விரான்மென்ட் கோப்புகளுக்குத் தனி ரெப்போ, அதற்குள் நுழைய சிலருக்கு மட்டும் அனுமதி. ஹாப்-கான்ஃபிக் ஜேசனை எங்கேயும் சேர்க்காதீர்கள், அது அந்தந்தக் கணினிக்குச் சொந்தம்.

படி 9: சோதனை

உங்கள் கணினியில் ஓடுகிறது என்பது எதையும் நிரூபிக்காது. கணினியில் வேறொரு இடத்தில், நீளமான, வேறு பெயருள்ள ஃபோல்டரில் காமனையும் சேல்ஸையும் புதிதாக கிட்டிலிருந்து இறக்குங்கள். ஹாப்_கான்ஃபிக்_ஃபோல்டரை ஒரு காலி ஃபோல்டருக்குக் காட்டி ஹாப்பைத் திறங்கள். இரண்டையும் பதிவு செய்து, என்விரான்மென்ட்டைச் சேர்த்து, ஒரு வொர்க்ஃப்ளோவை ஓட்டுங்கள்.

பெரும்பாலும் விழுவது பாதையில்தான். யாரோ கோப்பைத் தேர்ந்தெடுக்கும் ஜன்னலில் கிளிக் செய்தபோது, சி டிரைவிலிருந்து தொடங்கும் முழுப் பாதையும் பைப்லைனுக்குள் பதிந்திருக்கும். இதைக் கண்ணால் தேடாதீர்கள். கோப்புகள் எழுத்துக் கோப்புகள்தானே, ப்ராஜெக்ட் ஃபோல்டர் முழுவதிலும் உங்கள் பயனர் பெயரைத் தேடினாலே எல்லாம் வெளியே வந்துவிடும்.

அடுத்தது திரையில்லாத ஓட்டம். ஹாப்-ரன் ஸ்கிரிப்ட்டுக்கு நான்கு விஷயங்களைச் சொல்ல வேண்டும்: ப்ராஜெக்ட், என்விரான்மென்ட், ரன் கான்ஃபிகரேஷன், ஓட வேண்டிய கோப்பு. நேரம் வைத்து வேலைகளை ஓட்டும் ஷெட்யூலர் எதுவானாலும் கூப்பிடப்போவது இந்த ஸ்கிரிப்ட்டைத்தான். டாக்கர் கன்டெய்னரில் (மென்பொருளைத் தேவையானவற்றோடு கட்டி ஓட்டும் பெட்டி) ஓட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹாப்பின் டாக்கர் இமேஜ் என்விரான்மென்ட் வேரியபிள்கள் மூலம் ஒரு ப்ராஜெக்ட்டைத் தானாகப் பதிவு செய்துகொள்ளும். தாய் ப்ராஜெக்ட் அதில் வராது. கன்டெய்னர் தொடங்கும்போது ஹாப்-கான்ஃப் ஸ்கிரிப்ட்டால் காமனை முதலில் பதிவு செய்கிற ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டை நாமே வைக்க வேண்டும்.

நைஃபையில் இதே வேலை

அப்பாச்சி நைஃபை அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையில் பிறந்து, 2014-ல் அப்பாச்சிக்கு வந்தது. அங்கே ப்ராஜெக்ட் என்ற சொல் இல்லை, ப்ராசஸ் குரூப் என்பதுதான் பிரிவு. குரூப்புக்குள் குரூப் வைக்கலாம், உள்ளே வெளியே டேட்டா போக போர்ட்டுகள் உண்டு.

இறங்குவது பற்றிய கேள்வியை இங்கேயும் கேளுங்கள். கன்ட்ரோலர் சர்வீஸ், அதாவது டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பூல் போன்றவை, எந்தக் குரூப்பில் வைக்கப்பட்டதோ அதற்கும் அதற்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் தெரியும். அனுமதிகளும், தனியாக மாற்றாதவரை, மேல் குரூப்பிலிருந்து இறங்கும். பழைய பதிப்புகளின் வேரியபிள்களும் அப்படியே இறங்கின. ஆனால் பாராமீட்டர் கான்டெக்ஸ்ட், அதாவது மதிப்புகளின் தொகுப்பு, குரூப்போடு பிணைக்கப்படுவது, ஒவ்வொரு குரூப்புக்கும் எது பிணைந்திருக்கிறது என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். 2.0 பதிப்பில் வேரியபிள்களையும் டெம்ப்ளேட்டுகளையும் எடுத்துவிட்டார்கள். 1.x-லிருந்து மேலே போகிறவர்கள் முதலில் வேரியபிள்களை பாராமீட்டர்களாக மாற்ற வேண்டும். ஒரு கான்டெக்ஸ்ட் இன்னொரு கான்டெக்ஸ்ட்டிடமிருந்து பெறும்படி அமைக்கலாம் என்பதால், நம் காமன் யோசனையைக் குரூப்பில் வைக்காமல் கான்டெக்ஸ்ட்டில் வைப்பதே நைஃபைக்குப் பொருந்தும்.

டேலண்டில்

டேலண்டில் இதற்கு ரெஃபரன்ஸ் ப்ராஜெக்ட் என்று பெயர். அங்கே ஹாப்புக்கு நேர்மாறு: ஜாப்கள் (பைப்லைன் போன்றவை), ரொட்டீன்கள் (பொதுவான நிரல் துண்டுகள்), கான்டெக்ஸ்ட் குரூப்கள் (வேரியபிள் தொகுப்புகள்) எல்லாமே முதன்மை ப்ராஜெக்ட்டில் தெரியும், ஆனால் படிக்க மட்டும். தவறிப்போய்த் திருத்திவிடும் பயமே கிடையாது. இலவசமாகக் கிடைத்த டேலண்ட் ஓப்பன் ஸ்டுடியோ 2024 ஜனவரி 31-உடன் நிறுத்தப்பட்டுவிட்டது. அதில் பழைய ஜாப்கள் வைத்திருப்பவர்கள் வேறு மென்பொருளுக்கு மாறும்போதே பிரித்துவிடுவது உத்தமம்.

ஏற்கெனவே பெரிதாகிவிட்ட ப்ராஜெக்ட்டைப் பிரிப்பது

புதிதாக அமைக்கிற வாய்ப்பு எல்லாருக்கும் கிடைப்பதில்லை. முந்நூறு பைப்லைன் உள்ள ஒற்றை ப்ராஜெக்ட்டைத் தலையில் கட்டிவிட்டுப் போயிருப்பார்கள். ஒரே நாளில் பிரிக்க முயலாதீர்கள். முதலில் காமனை உருவாக்கி, பழைய ப்ராஜெக்ட்டுக்கு அதைத் தாயாக்குங்கள். பொதுவான கனெக்‌ஷன்களின் ஜேசன் கோப்புகளை, பெயரை மாற்றாமல், பழைய மெட்டாடேட்டா ஃபோல்டரிலிருந்து காமனின் மெட்டாடேட்டா ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். பைப்லைன்கள் கனெக்‌ஷனைப் பெயரை வைத்தே தேடுவதால் ஒன்றும் உடையாது. ஒட்டு வைத்துப் பெயர் மாற்றும் வேலையை எல்லாம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்த நிலையிலேயே சில நாட்கள் ஓடட்டும். இரவு ஓட்டங்கள் எல்லாம் சுத்தமாக முடிகின்றன என்று உறுதியான பிறகு, குறைவாகப் பின்னிக்கிடக்கிற குழுவைப் பிரித்தெடுங்கள். மற்ற எதையும் கூப்பிடாத, மற்றவை எதுவும் கூப்பிடாத பைப்லைன்கள் எவை என்று எக்ஸ்எம்எல்லில் கோப்புப் பெயர்களைத் தேடினால் கிடைத்துவிடும். கணக்குக் குழுவைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் மாத முடிவு தாண்டிய பிறகு.

காலியான பழைய ப்ராஜெக்ட்டை நீக்க வேண்டிய நேரம் வரும்போது, வேறு எந்த ப்ராஜெக்ட்டாவது அதைத் தாயாக வைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு ப்ராஜெக்ட்-கான்ஃபிக் ஜேசனிலும் பாருங்கள். ஹாப் திரையில் நீக்கு என்று அழுத்தினால் பட்டியலிலிருந்து பெயர் மட்டும்தான் போகும், ஃபோல்டரும் கோப்புகளும் வட்டில் அப்படியே இருக்கும். ரெப்போவைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிட்டு, ஷெட்யூலரில் பழைய பெயரைக் கூப்பிடும் வேலை ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடி முடித்த பிறகு அந்த ஃபோல்டரைக் கையால் அழியுங்கள்.